கருப்பு அங்கிக்குப் பிறகு மூன்று ஆண்டுகள்: புதிய வழக்கறிஞரும் சீனியரும்

சட்டக் கல்லூரியின் கடைசித் தேர்வை எழுதிவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்து ஊரே, "வக்கீல் ஆயாச்சா?" என்று கேட்கிறது. பெற்றோரும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். ஐந்து வருடம் கட்டிய பணம் இனித் திரும்பி வரத் தொடங்கும் என்று வீட்டில் ஒரு கணக்கு ஓடுகிறது. ஆனால் இந்தத் தொழிலில் குடும்பத்தின் பொறுமையைச் சோதிக்கும் காலம் பட்டம் வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. கருப்பு அங்கி அணிந்த முதல் சில ஆண்டுகளை யாரிடம், எப்படிக் கழித்தார் என்பதை வைத்தே ஒருவர் எப்படிப்பட்ட வழக்கறிஞராக வருவார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

திருவண்ணாமலையில் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம் ஆகிய ஊர்களிலும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் வேலூர், விழுப்புரம், செங்கல்பட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் படித்துவிட்டு இந்த ஊர்களுக்கே திரும்புகிறார்கள். தந்தையோ பெரிய தந்தையோ வழக்கறிஞராக உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆபீஸ், புத்தக அலமாரி, குமாஸ்தா, கட்சிக்காரர்கள் எல்லாம் தயாராக இருக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. கடை வைத்திருப்பவர், லாரி ஓட்டுபவர், வளைகுடாவில் வேலை பார்ப்பவர் ஆகியோரின் பிள்ளைகள் முதல் தலைமுறையாக இத்துறைக்குள் நுழைகிறார்கள். எந்த சீனியரிடம் சேருவது, அவர் என்ன கற்றுத்தர வேண்டும், பணம் தருவாரா, கேட்பாரா என்று விசாரிக்க உறவில் ஆள் இல்லை. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் இமாமிடம் வந்து கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காகச் சட்டத்தில் உள்ளதையும் நடைமுறையில் நடப்பதையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

வக்கீல் என்ற சொல்

வக்கீல் என்பது அரபுச் சொல். ஒருவர் தன் காரியத்தை நம்பி ஒப்படைக்கும் பொறுப்பாளர் என்பது அதன் பொருள். அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் அல்-வக்கீல் என்பதும் ஒன்று. திருவண்ணாமலை கோர்ட் வளாகத்தில் அரை மணி நேரம் நின்றால் காதில் விழும் வக்காலத்து, வாய்தா, ஜாமீன், ஜப்தி, அசல், நகல், அமீனா எல்லாமே அரபியிலும் உருதுவிலும் இருந்து வந்தவைதான். மதரஸா மாணவர் ஒருவர் அங்கே போனால் பாதிச் சொற்கள் பழகியவையாகவே இருக்கும்!

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் காலத்தில், 1793ஆம் ஆண்டு, வங்காளத்தில் வந்த 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம்தான் கம்பெனி நீதிமன்றங்களில் வக்கீல் தொழிலுக்கு முதலில் முறையான வடிவம் தந்தது. இந்துக்களையும் முஸ்லிம்களையும் மட்டுமே வக்கீல்களாகப் பதிவு செய்ய அது இடம் தந்தது. கல்கத்தா மதரஸாவிலும் காசியில் இருந்த சமஸ்கிருதக் கல்லூரியிலும் படித்தவர்களிலிருந்து அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. சென்னை மாகாணத்திற்கு 1802இல் இதே போன்ற ஒழுங்குமுறை வந்தது. மதரஸாவில் ஓதியவர் வக்கீலாவது ஒரு காலத்தில் சாதாரண விஷயம் என்பதை இன்றைய தலைமுறை அறிந்திருப்பது நல்லது.

தகுதியை மூத்தவர்கள் சோதித்துச் சொல்லும் முறையும் நமக்குப் புதிதல்ல. உஸ்தாதின் முன் அமர்ந்து கிதாபை ஓதி முடித்து, அவர் திருப்தியடைந்த பிறகே ஸனது கிடைக்கும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், தமக்குத் தகுதி உண்டு என்று எழுபது அறிஞர்கள் சான்று சொன்ன பிறகே ஃபத்வா வழங்க அமர்ந்ததாகக் கூறியிருப்பது வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் நாட்டுச் சட்டம் வந்த பாதையைப் பார்ப்போம்.

பயிற்சி வந்தது, போனது, மீண்டும் வந்தது

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது, சட்டப் பட்டம் பெற்றவர் ஒரு பயிற்சியை முடித்து, மாநில பார் கவுன்சில் நடத்தும் தேர்விலும் தேறிய பிறகே பதிவு செய்ய முடியும் என்று 24ஆம் பிரிவில் இருந்தது. 1973இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. 1974 ஜனவரி 31 முதல் பட்டம் இருந்தால் போதும் என்றாயிற்று. காலையில் பதிவு செய்தவர் மதியமே கொலை வழக்கில் ஆஜராகலாம். சட்டப்படி தடை ஏதும் இல்லை.

இதன் விளைவை நீதிபதிகளே முதலில் உணர்ந்தார்கள். 1990களின் தொடக்கத்தில், பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியான நீதிபதி ஏ.எம். அஹ்மதி தலைமையில் அமைந்த குழு, தொழிலுக்குள் நுழையுமுன் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சியும் ஒரு தேர்வும் தேவை என்று பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்து இந்திய பார் கவுன்சில் 1995இல் பயிற்சி விதிகளைக் கொண்டுவந்தது. பதிவுக்கு முன் ஓராண்டுப் பயிற்சி, அதுவும் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ள வழக்கறிஞரிடம் என்பது அதன் சாரம்.

அது நீடிக்கவில்லை. வி. சுதீர் என்பவர் தொடுத்த வழக்கில் 1999 மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. பயிற்சி தேவையில்லை என்று நீதிமன்றம் கூறவில்லை. நாடாளுமன்றமே எடுத்துவிட்ட நிபந்தனையை பார் கவுன்சில் தன் விதியின் மூலம் திரும்பக் கொண்டுவர அதிகாரமில்லை என்றுதான் சொன்னது. பயிற்சியின் அவசியத்தை ஏற்றுக்கொண்டே அதைக் கட்டாயமாக்கிய விதிகளை நீக்கிய தீர்ப்பு அது.

பின்னர் 2010இல் அகில இந்திய பார் தேர்வு அறிவிக்கப்பட்டு, முதல் தேர்வு 2011 மார்ச் 6 அன்று நடந்தது. அதையும் எதிர்த்து வழக்குகள் வந்தன. போனி ஃபோய் சட்டக் கல்லூரி வழக்கு என்று அறியப்படும் வழக்கில், 2023 பிப்ரவரி 10 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தேர்வு நடத்த பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. 1999 தீர்ப்பு சரியான சட்டநிலையைச் சொல்லவில்லை என்றும் கூறியது. ஆக, இன்று தேர்வு இருக்கிறது. ஆனால் சீனியரிடம் பயிற்சி பெறுவது பதிவுக்கான கட்டாய நிபந்தனையாக இன்னும் திரும்பவில்லை.

அந்தத் தேர்வைப் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை அதிகமில்லை. நூறு கேள்விகள், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. தமிழிலும் எழுதலாம். குறிப்புகள் இல்லாத வெறும் சட்ட நூல்களை உள்ளே எடுத்துச் செல்லலாம். பொதுப் பிரிவினரும் பிற்படுத்தப்பட்டோரும் 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினரும் மாற்றுத்திறனாளிகளும் 40 சதவீதம் எடுக்க வேண்டும். தற்காலிகப் பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் இதில் தேற வேண்டும். இறுதிப் பருவ மாணவர்களும் எழுதலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய தடையல்ல. சட்டப் பிரிவைத் தேடி எடுக்கத் தெரியுமா என்பதை இந்தத் தேர்வு சோதிக்கும். பொய் சொல்லும் சாட்சியின் முன் நிற்கத் தெரியுமா என்பதை இதனால் சோதிக்க முடியாது.

பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். கௌரவ் குமார் வழக்கில் 2024 ஜூலை 30 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணமாக வாங்கக் கூடாது. அதற்கு முன் பல மாநிலங்களில் இதைப் போலப் பல மடங்கு வசூலித்துவந்தார்கள்.

படிக்கும்போதே சீனியரைச் சந்திப்பது

சட்டக் கல்வி விதிகள் 2008இன்படி, ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் களப் பயிற்சி கட்டாயம். விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். ஒரு சிவில் வழக்கும் ஒரு கிரிமினல் வழக்கும் நடப்பதை நேரில் பார்த்துக் குறிப்பெடுப்பதற்கும், வழக்கறிஞர் ஆபீஸில் கட்சிக்காரரிடம் பேசும் விதத்தைக் கவனித்து டைரி எழுதுவதற்கும் மதிப்பெண் உண்டு. ஏட்டில் இது அருமையான ஏற்பாடு. நடைமுறையில் பல மாணவர்கள் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். சீனியரும் "பையன் பாவம்" என்று கையெழுத்துப் போடுகிறார். அந்த இரக்கத்தால் கெடுவது பையன்தான். விடுமுறை நான்கு வாரம் கோர்ட்டுக்குப் போன மாணவருக்கு, எந்த ஆபீஸில் வேலை கற்றுத்தருகிறார்கள், எந்த ஆபீஸில் டீ வாங்க மட்டும் அனுப்புகிறார்கள் என்று பட்டம் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

ஆபீஸில் கற்பது என்ன?

புதிதாகச் சேர்ந்த ஜூனியர் முதல் சில மாதங்கள் கட்டுத் தூக்குகிறார். கேஸ் டைரியில் வாய்தா தேதி குறிக்கிறார். பெயர் கூப்பிடும்போது எழுந்து, "சீனியர் பக்கத்து கோர்ட்டில் இருக்கிறார், பாஸ் ஓவர் வேண்டும்" என்கிறார். நகல் மனு போடுகிறார். வீட்டுக்கு வந்தால், "இதுக்குத்தான் ஐந்து வருஷம் படிச்சியா?" என்ற கேள்வி காத்திருக்கிறது.

இந்த வேலைகளுக்குள்ளேயே பாடம் இருக்கிறது. வாய்தா தேதியை இப்போது செல்போனில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வழக்கு ஏன் தள்ளிப்போகிறது, எதிர்க்கட்சி எதற்காக இழுத்தடிக்கிறது, இந்த நீதிபதி எந்த வாதத்தைக் காது கொடுத்துக் கேட்பார் என்பது கோர்ட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். எதிர் வழக்குரையை 30 நாளில் தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை நீட்டலாம் என்று புத்தகத்தில் படித்திருப்பார். முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் என்பதையும் படித்திருப்பார். 29ஆம் நாள் சாயங்காலம் ஒரு மூதாட்டி மஞ்சள் பையில் தீர்ப்பு நகலோடு படியேறி வரும்போது அந்த ஆபீஸில் என்ன நடக்கிறது என்று பார்த்தவருக்கு அந்தக் கெடு ஆயுளுக்கும் மறக்காது.

நிலத் தகராறுகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. பட்டா ஒருவர் பெயரில், பத்திரம் வேறொருவர் பெயரில், அனுபவம் மூன்றாமவரிடம் என்று இருக்கும். சர்வே எண்ணின் உட்பிரிவு, செக்குபந்தியில் எழுதிய நான்கெல்லை, வில்லங்கச் சான்றில் விடுபட்ட ஒரு பதிவு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்க எந்தக் கல்லூரியும் சரியாகக் கற்றுத்தருவதில்லை. சீனியர் பத்திரத்தைக் கையில் எடுத்து முதலில் எங்கே பார்க்கிறார் என்பதைக் கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

நல்ல சீனியர் ஜூனியரைப் படிப்படியாகவே ஏற்றுவார். முதலில் சிறிய மனு எழுதச் சொல்வார். எழுதியதைச் சிவப்பு மையால் அடித்துத் திரும்பத் தருவார். பிறகு முழு வழக்குரை. அடுத்து, தன் தரப்புச் சாட்சியை முதல் விசாரணை செய்யவிடுவார். குறுக்கு விசாரணைக்குப் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கச் சொல்வார், ஒரு நாள் சின்னச் சாட்சி ஒருவரை ஒப்படைத்துவிட்டுத் தான் பின்வரிசையில் அமர்ந்துகொள்வார். மதிப்பெண் பட்டியல் இல்லாத தேர்வு இது. எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டாரா என்று பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம், பின் நடந்ததற்குப் புதியது. முப்பது வருடம் பிரிவு எண்களை மனப்பாடமாகச் சொன்ன சீனியரும் இப்போது புத்தகத்தைப் புரட்டுகிறார். சீனியரும் ஜூனியரும் ஒரே பக்கத்தை ஒன்றாகத் திறக்கும் காலம் அடிக்கடி வருவதில்லை. புதிய சட்டத்தைக் கவனமாகப் படித்துவரும் பிள்ளைக்கு ஆபீஸில் இப்போது மரியாதை கூடுதல்.

ஒழுக்கமும் இங்கேதான் படிகிறது. ஒருவர் வாதத் திறமையால் மற்றவரை விஞ்சக்கூடும். கேட்டதை வைத்துத் தீர்ப்பளித்து, அதனால் சகோதரனின் உரிமையை அவருக்குக் கொடுத்துவிட்டால், அவருக்குக் கிடைத்தது நெருப்புத் துண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. கட்சிக்காரர் நேர்மையற்ற வழியில் போகாதபடி வழக்கறிஞர் தன்னால் இயன்றவரை தடுக்க வேண்டும் என்று பார் கவுன்சில் விதியும் சொல்கிறது. சாட்சிக்குப் பொய் சொல்லிக்கொடுக்கும் சீனியரிடம் மூன்று வருடம் இருந்தால், பிள்ளை அதைத்தான் தொழில் என்று நினைத்துக்கொள்வார். சீனியரைத் தேடும்போது அவருக்கு எத்தனை வழக்கு, எவ்வளவு பெரிய கார் என்று விசாரிக்கும் பெற்றோர் இதையும் விசாரிக்க வேண்டும்.

சீனியரின் கையெழுத்துக்கு இப்போது கூடிய மதிப்பு

நீதிபதியாக விரும்பும் பிள்ளைகளுக்கு முக்கியமான மாற்றம் ஒன்று நடந்துள்ளது. 2025 மே 20 அன்று, தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, சிவில் நீதிபதி பணியின் நுழைவு நிலைத் தேர்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1993இல் வந்து 2002இல் நீக்கப்பட்ட நிபந்தனைதான் திரும்ப வந்திருக்கிறது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அனுபவம் கணக்கிடப்படும்.

அந்த அனுபவத்தை யார் உறுதிப்படுத்துவது? அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரி சான்று தரலாம். அல்லது குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தந்து, அதை அந்த மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரி ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். 1999இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த அந்தப் பழைய ஏற்பாடு, நீதிபதி பணிக்கு வருவோரின் மட்டத்திலாவது வேறு வடிவில் திரும்பியிருக்கிறது என்றே சொல்லலாம்.

கோர்ட் பக்கமே வராமல் பயிற்சி மையத்தில் படித்துக்கொண்டிருந்தவருக்கு, மூன்று வருடம் தொழில் செய்தார் என்று எழுதித்தருவது மார்க்கத்தில் சாதாரணத் தவறல்ல. சான்றிதழ் என்பது ஷஹாதத், அதாவது சாட்சியம். பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் எண்ணப்பட்டது. கேட்கும் பெற்றோருக்கும் எழுதும் வழக்கறிஞருக்கும் அதில் பங்கு உண்டு. உறவுக்காரர், ஊர்க்காரர் என்று சொல்லி அதை லேசாக்கிவிட முடியாது.

பணம்

பல பிள்ளைகள் தொழிலை விட்டுப் போவது இந்த இடத்தில்தான். பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, சலவை செய்த வெள்ளைச் சட்டை, இதற்கே மாதம் சில ஆயிரம் ஆகும். சில ஆபீஸ்களில் சீனியர் வாரக் கடைசியில் மனம்போல ஏதாவது தருவார். சிலவற்றில் அதுவும் இல்லை. தொழில் கற்றுத்தருவதே பெரிது என்ற மனப்பான்மை நெடுநாள் இருந்துவந்தது. வசதியான வீட்டுப் பிள்ளை தாக்குப்பிடிப்பார், இல்லாத வீட்டுப் பிள்ளை ஆறாவது மாதம் ஏதோ ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விடுவார். திறமை குறைந்ததால் அல்ல, பஸ்ஸுக்குக் காசு இல்லாததால்.

சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் இதில் தலையிட்டது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, இளம் வழக்கறிஞர்களை வேலை வாங்கிவிட்டு ஊதியம் தராமல் இருப்பது சுரண்டல் என்று கண்டித்தது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் தர வழிசெய்யும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நகர்ப்புறத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000, சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்பது அதன் அளவு. ஆனால் அது பரிந்துரைதான். சிறிய ஊரில் மாதம் அந்த அளவு வருமானமே பார்க்காத சீனியர்களும் இருக்கிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். முழுத் தொகை இல்லாவிட்டாலும், ஒரு நிலையான தொகையைச் சேரும்போதே பேசிக்கொள்வதில் கூச்சம் தேவையில்லை.

சீனியரே பணம் கேட்டால்? பதிவுக்குத் தகுதி பெறுவதற்கான பயிற்சியைத் தருவதற்காக வழக்கறிஞர் கட்டணமோ முன்பணமோ வாங்குவது முறையற்றது என்று பார் கவுன்சில் நடத்தை விதிகளின் 45ஆம் விதி கூறுகிறது. பயிற்சியைக் காசுக்கு விற்பதை இத்தொழில் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அந்த ஒரு விதி போதும். அப்படிக் கேட்கும் ஆபீஸை விட்டு விலகிவிடுங்கள்.

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் வரலாறு இதற்குப் பொருத்தமானது. ஏழைக் குடும்பம். பிழைப்புக்கு வேலைக்குப் போக வேண்டிய நிலையில், படிப்பு நின்றுபோகும் கட்டம் வந்தது. ஆசிரியர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதை அறிந்து, தம் வியாபாரப் பணத்திலிருந்து அவர் கேட்காமலேயே தொடர்ந்து கொடுத்துவந்தார்கள். அந்த மாணவர்தான் பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக அமர்ந்தார். நம் ஜமாஅத்துகள் கல்விக் கட்டணத்துக்கு உதவுகின்றன, மாஷா அல்லாஹ். ஆனால் பட்டமளிப்போடு அந்த உதவி நின்றுவிடுகிறது. மஹல்லாவுக்கு ஒரு ஜூனியர், மாதம் சில ஆயிரம், மூன்று ஆண்டுகள் என்று ஒதுக்கினால் எவ்வளவு ஆகும் என்று நிர்வாகிகள் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேவையுடையோர் என்ற வரையறைக்குள் வருபவருக்கு ஜகாத்திலிருந்தும் கொடுக்கலாம்.

சம்பளத்தோடு கற்கும் வழி ஒன்றும் உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2022இல் விரிவாகக் கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம், வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மாவட்ட அளவில் முழுநேர ஆபீஸ் நடத்துகிறது. குறைந்தது 10 ஆண்டு கிரிமினல் அனுபவமுள்ள தலைமை வழக்கறிஞர், 7 ஆண்டு அனுபவமுள்ள துணை வழக்கறிஞர், அவர்களுக்குக் கீழே மூன்று ஆண்டு வரை மட்டுமே அனுபவமுள்ள உதவி வழக்கறிஞர்கள் என்று அதன் அமைப்பே சீனியர், ஜூனியர் முறையில் உள்ளது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அறிவிப்புகளைப் பிள்ளைகள் கவனித்து வர வேண்டும்.

வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்கள் ஒப்பிட்டுக் கேட்பதுண்டு. மலேசியாவில் சட்டம் படித்தவர், குறைந்தது ஏழு ஆண்டு தொழிலில் இருக்கும் வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சி முடிக்க வேண்டும். அங்குள்ள தமிழர்கள் அதைச் 'சேம்பரிங்' என்பார்கள். இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக ஓராண்டுப் பயிற்சி உண்டு. முதல் ஆறு மாதம் பார்த்துப் பழக மட்டும், அடுத்த ஆறு மாதம் மேற்பார்வையில் தானே ஆஜராகலாம். குறைந்தபட்ச ஊதியமும் கட்டாயம். நம்மிடம் சீனியரின் மனதைப் பொறுத்தது, அங்கே விதியைப் பொறுத்தது.

பெண் பிள்ளைகள்

மாலை ஆறு மணிக்கு மேல்தான் வழக்கறிஞர் ஆபீஸ் களைகட்டும். பெண் பிள்ளையை அனுப்பத் தயங்குவது அதனால்தான். தயக்கம் புரிகிறது. அதற்காக ஐந்தாண்டுப் படிப்பை அலமாரியில் பூட்டுவது நியாயமில்லை. பெண் சீனியர்கள், ஏற்கெனவே பெண் ஜூனியர்கள் உள்ள ஆபீஸ்கள் ஆகியவற்றை முதலில் விசாரியுங்கள். பகலில் கோர்ட் வேலை, மாலையில் வரைவு எழுதும் வேலையை வீட்டிலிருந்து செய்வது என்று பேசிக்கொள்ளும் ஆபீஸ்களும் உண்டு.

நீதிபதி ஃபாத்திமா பீவி அவர்களைப் பற்றி நம் பெண் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். 1927இல் பத்தனம்திட்டாவில் பிறந்தவர். சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தந்தை. பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கம் வாங்கிய முதல் பெண். 1950 நவம்பர் 14 அன்று வழக்கறிஞராகப் பதிவு செய்து கொல்லத்தில் தொழில் நடத்தினார். 1958இல் முன்சீப் ஆகி, ஒவ்வொரு படியாக ஏறி, 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்பு 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். முன்சீப் ஆவதற்கு முன் ஏழு ஆண்டுகளுக்கு மேல் அவர் சாதாரண வழக்கறிஞராக இருந்தார் என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

சமுதாயத்துக்கு இதில் என்ன?

வக்ஃபு வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டம் 107ஆம் பிரிவின்படி, வக்ஃபு நிலத்தை மீட்கத் தொடரும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது என்றிருந்தது. ஆக்கிரமித்து நாற்பது வருடம் ஆனாலும் வழக்குப் போடலாம். 2025 திருத்தச் சட்டம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தின் சில பிரிவுகளை மட்டும் இடைக்காலமாக நிறுத்தியது. இந்த நீக்கத்தை நிறுத்தவில்லை. அதாவது, முத்தவல்லியும் ஜமாஅத்தும் இனி நாள்களை எண்ணியாக வேண்டும். பள்ளிவாசல் நிலத்தில் யாரோ வேலி போட்டதைப் பார்த்தும் பேசிப் பேசிக் காலம் கடத்தினால், பின்னர் எந்த வக்கீல் வந்தாலும் பயனில்லை. இந்தக் கணக்கைச் சரியாகப் பார்த்து, பழைய பத்திரத்தைப் படித்து, உரிய நீதிமன்றத்தில் உரிய காலத்தில் வழக்குப் போடத் தெரிந்தவர் ஆரணியிலும் வந்தவாசியிலும் செய்யாற்றிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு ஜமாஅத்தும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. மஹர், ஜீவனாம்சம், குலா, பாகப்பிரிவினை வழக்குகளிலும் இதே நிலைதான். மார்க்கச் சட்டமும் நாட்டுச் சட்டமும் சந்திக்கும் அந்த இடத்தில் இரண்டும் தெரிந்தவர் மிகக் குறைவு.

சேரும் நாளிலேயே செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு. வக்காலத்தில் சீனியரின் பெயரோடு ஜூனியரின் பெயரும் சேர்க்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் சேராவிட்டால், பின்னாளில் தொழில் செய்ததைக் காட்ட ஆவணம் இருக்காது. ஆஜரான வழக்கின் எண், நீதிமன்றம், தேதி, அன்று நடந்தது என்ன என்று தனி டைரி ஒன்றைத் தன் கையாலேயே எழுதிவர வேண்டும். தன் பெயர் வரும் உத்தரவு நகல்களை ஒரு கோப்பில் சேர்த்துவைக்க வேண்டும். சீனியரிடம் சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் வாங்கிவைப்பது நல்லது. சீனியர் வேறு ஊருக்குப் போகலாம், தொழிலை விடலாம், வஃபாத்தும் ஆகலாம். மூன்று ஆண்டு கழித்து மாவட்ட முதன்மை நீதிபதியின் கையெழுத்துக்குப் போகும்போது, எத்தனை வருடம் என்று வாயால் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது. டைரியையும் கோப்பையும் மேசையில் வைத்தால் போதும்.